எக்ஸாம்பிள்களை ஒட்டி எழுதிய கடைக் கணக்கு: குலசேகரம் பக்கத்து ரப்பர் கடையில் நடந்தது

பின்னணி

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட்டும் ஒட்டுபாலும் (மரத்திலும் கிண்ணத்திலும் உறைந்து ஒட்டிக்கிடக்கும் ரப்பர்) எடுக்கிற ஒரு சின்ன ரப்பர் கடை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். புகை போட்டு உலர்த்திய ஷீட்டைச் சாக்கில் கட்டி பைக்கின் பின்னால் வைத்துக் கொண்டுவருவார்கள். கடைக்காரர் ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஆர்.எஸ்.எஸ். 4, ஆர்.எஸ்.எஸ். 5 என்று புகையிட்ட ஷீட்டுக்கான தரம் சொல்வார் (இந்தத் தரமெல்லாம் கண்ணால் பார்த்துப் பிரிப்பதுதான், அதற்கு எந்த மெஷினும் கிடையாது), எடை போடுவார், ஈரம் தெரிந்தால் கொஞ்சம் கழிப்பார், முன்பணம் வாங்கியிருந்தால் அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார். எல்லாக் கணக்கும் நீள நோட்டில்.

அவருடைய அக்கா மகள் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தவர். பைத்தான் தெரியும், ஆனால் கருப்புத் திரையில் ஓடுகிற நிரல்கள் வரைக்கும்தான். ஜன்னல், பொத்தான், அட்டவணை என்று ஒரு முழு டெஸ்க்டாப் நிரல் எழுதிப் பழக வேண்டும் என்று அவருக்கு ஆசை, மாமாவுக்கு நோட்டைக் கூட்டிக் கூட்டி அலுத்துப்போயிருந்தது. இரண்டும் சேர்ந்து, கடைக் கணக்குக்கு ஒரு நிரல் எழுதுகிற இந்த வேலை தொடங்கியது. நான் நாகர்கோவிலில் மென்பொருள் வேலை பார்க்கிறவன், அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தவன், வார இறுதிகளில் கூட உட்கார்ந்து பார்த்தேன். நிரல் முழுக்க அவர் எழுதியது.

வெப் அப்ளிகேஷனாகச் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: மழை பிடித்தால் அந்தப் பக்கம் நெட்டும் கரண்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, கடைக்கு இருப்பது ஒரே கணினி, அதோடு தராசையும் அதில் இணைக்க வேண்டும். டெஸ்க்டாப்தான் சரி என்று முடிவானது.

க்யூடி என்ற கட்டமைப்பைத் தேர்ந்தெடுத்தோம். நார்வேயின் டிரோல்டெக் நிறுவனம் 1995-ல் முதலில் வெளியிட்டது, வி.எல்.சி. பிளேயரின் முகப்பு இதில்தான் ஓடுகிறது. பைத்தானில் அதை எழுத பைசைடு 6. இதை எடுத்ததற்கு முக்கியக் காரணம் எக்ஸாம்பிள்கள். ஆவணத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு பகுதிக்கும் ஓடக்கூடிய ஒரு சிறு நிரல் இருக்கும், பி.எஸ்.டி. உரிமத்தில் வருவதால் அதன் வரிகளை நம் நிரலில் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கடையில் இருந்த பழைய விண்டோஸ் 7 கணினியில் க்யூடி 6 ஓடாது, அதற்கு விண்டோஸ் 10 வேண்டும். அதனால் ஒரு செகண்ட் ஹேண்ட் கணினி வாங்கவேண்டி வந்தது. மாமா அதற்கு மட்டும் கொஞ்சம் முனகினார்.

முதல் வடிவம்

இலை உதிர்ந்து பால்வெட்டு (மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுப்பது) நிற்கிற பிப்ரவரி, மார்ச்சில் கடை கிட்டத்தட்ட தூங்கும். அந்த இடைவெளியில் அவர் எழுத ஆரம்பித்தார்.

தொடக்கத்திலேயே கொஞ்ச நாள் வீணானது. க்யூடியில் திரை அமைக்க இரண்டு வழி உண்டு: பொத்தான், பெட்டி, அட்டவணை என்று தயாராக இருக்கும் உறுப்புகளை அடுக்குகிற பழைய விட்ஜெட் முறை, அப்புறம் க்யூ.எம்.எல். என்று தனியாக ஒரு மொழி. எக்ஸாம்பிள் பட்டியலில் இரண்டும் கலந்தே கிடக்கும். பார்க்க அழகாக இருப்பவை பெரும்பாலும் க்யூ.எம்.எல்., அவற்றைத் திறந்தால் பைத்தான் கோப்பில் நாலு வரிதான் இருக்கும், மீதியெல்லாம் வேறு இடத்தில். இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்துக் குழம்பியபின் விட்ஜெட் மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டார். அட்டவணையும் படிவமுமாக இருக்கிற கடைக் கணக்குக்கு அதுவே தாராளம்.

அதன்பிறகு வேலை வேகமாக ஓடியது. அட்ரஸ் புக் என்ற எக்ஸாம்பிளிலிருந்து விவசாயிகள் பட்டியல், புக்ஸ் என்ற எக்ஸாம்பிளிலிருந்து தரவுத்தளப் பகுதி, ஆவணத்தின் வேறு பக்கங்களிலிருந்து எடைக்கும் விலைக்குமான எண் பெட்டிகள். ஒவ்வொன்றும் தனியாக ஓடுகிறது, எடுத்து ஒட்டினால் சேர்ந்தும் ஓடுகிறது. மடிக்கணினியில் ஆங்கிலத்தில் நாலைந்து பெயர் போட்டுக் காட்டியபோது உண்மையிலேயே நன்றாக இருந்தது. கடைக்காரர் பார்த்துவிட்டு, “இது போதும் மக்களே, நாளைக்கே கடையில வை” என்றார்.

கடையில் வைத்தபோது தெரிந்தவை

முதல் பெயரிலேயே சிக்கல். ஒரு விவசாயியின் பெயரைத் தமிழில் தட்டி ‘சேர்’ பொத்தானை அழுத்தினால் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, பட்டியலிலும் பெயர் இல்லை. மறுபடி சேர்த்தால் ‘இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது’ என்கிறது. “இருக்குன்னு சொல்லுது, ஆனா ஆளக் காணல்லியே மாமா” என்று அவரே சிரித்துவிட்டார்.

அட்ரஸ் புக்கைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். அதில் பெயர்கள் ஏ-பி-சி, டி-இ-எஃப் என்று தாவல்களாக (டேப்) பிரிந்திருக்கும். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு வடிகட்டி, அந்த மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பெயரை மட்டும் அது விடும். ‘செ’ என்று தொடங்கும் பெயருக்கு எந்தத் தாவலிலும் இடமில்லை. தரவு உள்ளே பத்திரமாக இருக்கிறது, காட்டத்தான் ஆளில்லை.

அடுத்த நாள் காலை கடை திறந்து கணினியைப் போட்டால் முந்தின நாள் போட்ட எதுவுமே இல்லை. எஸ்.க்யூ.லைட் என்பது வழக்கமாக ஒரே கோப்பில் தரவை வைக்கிற சின்னத் தரவுத்தளம். புக்ஸ் எக்ஸாம்பிளில் அதற்குக் கோப்புப் பெயர் கிடையாது, ‘மெமரி’ என்று கொடுத்திருப்பார்கள். நிரல் ஓடும்வரை நினைவகத்தில் இருக்கும், மூடினால் போய்விடும். எக்ஸாம்பிளை எங்கே ஓட்டினாலும் கோப்பு எதையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக அப்படி வைப்பது நியாயம்தான், கடைக் கணக்குக்கு அது ஆகாது. மடிக்கணினியில் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பெயர் போட்டே சோதித்ததால் இது கண்ணில் படவே இல்லை.

இவை இரண்டும் உடனே தெரிந்தன, உடனே திருத்தப்பட்டன. மூன்றாவது அப்படியில்லை, எனக்கு மிகவும் பயம் தந்ததும் அதுதான்.

பின்னத்தோடு எண் வாங்குகிற பெட்டிக்கு க்யூடியில் டபுள் ஸ்பின் பாக்ஸ் என்று பெயர். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அதன் உச்ச வரம்பு 99.99. விலைப் பெட்டியில் இது முதல் நாளே தெரிந்துவிட்டது, கிலோ விலை நூறுக்கு மேல் என்பதால் போடவே முடியவில்லை, வரம்பை உயர்த்தினார். எடைப் பெட்டியில் தெரியவில்லை, ஏனென்றால் பைக்கில் வருகிற சிறு விவசாயி நூறு கிலோ கொண்டுவருவது அபூர்வம். பால்வெட்டு மறுபடி தொடங்கிக் கொஞ்ச நாளில் ஒருவர் ஆட்டோவில் கொண்டுவந்தார், தராசில் 118.40. கடைப் பையன் தராசைப் பார்த்துக்கொண்டே தட்டினான். 1, 1 ஏறியது. 8-ஐப் போட்டால் 118 ஆகும், வரம்பைத் தாண்டும், ஆகவே அந்தப் பெட்டி 8-ஐ மட்டும் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. அப்புறம் புள்ளி, 4, 0. திரையில் 11.40. செய்தி, சிவப்பு நிறம், ஒரு பீப் சத்தம், எதுவும் கிடையாது. வந்தவர் தொகையைக் கேட்டதும், “என்னப்பா, சாக்குக்கு மட்டுமா காசு?” என்று கேட்டதால் தப்பித்தது. பத்துப் பதினைந்து வருஷமாக ஷீட் விற்கிறவருக்கு எடையும் தொகையும் மனக்கணக்கு.

நான்காவது, ஆள் மாறிய முன்பணம். குமரியில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பது சாதாரணம், ஆளைப் பிரித்துச் சொல்வது விளையின் (தோட்டத்தின்) பெயரை வைத்துத்தான். அதனால் தாவல்களை எடுத்துவிட்டு ஒரு தேடல் பெட்டி வைத்திருந்தார். தேடி, இரண்டாவது வரிசையில் வந்தவருக்கு முன்பணம் சேர்த்தால், அது மொத்தப் பட்டியலின் இரண்டாவது ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. அட்ரஸ் புக்கில் மேப்-டு-சோர்ஸ் என்று ஒரு அழைப்பு வரும், வடிகட்டிய பட்டியலில் உள்ள வரிசை எண்ணை மூலப் பட்டியலின் எண்ணாக மாற்றுவது அதன் வேலை. என்னத்துக்கு என்று தெரியாமல், இல்லாமலும் ஓடுகிறதே என்று ஒட்டும்போது அதை விட்டிருந்தார். வடிகட்டாதவரை இரண்டு எண்ணும் ஒன்றுதான், ஆகவே ஓடத்தான் செய்யும்.

இந்தத் தவறு மாலையில் நோட்டோடு ஒப்பிட்டபோது பிடிபட்டது. நிரல் வந்ததும் நோட்டை மூடிவிடலாம் என்று கடைப் பையன் எவ்வளவோ சொல்லியும் கடைக்காரர் மூடவில்லை, அவருக்கு நன்றி.

நிறுத்திவிட்டு எடுத்த முடிவுகள்

முன்பணக் குழப்பத்துக்குப் பிறகு நிரலைக் கடையிலிருந்து எடுத்துவிட்டோம். ஒவ்வொரு பிழையையும் தனித்தனியாகத் திருத்திக்கொண்டே போயிருக்கலாம், அப்படித்தான் போய்க்கொண்டும் இருந்தது. ஆனால் நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. எக்ஸாம்பிள்களில் எதுவும் தப்பில்லை. ஒவ்வொன்றும் ஒரு விஷயத்தைக் காட்ட எழுதப்பட்டது, அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதியவர் தன் வசதிக்கு ஏதோ ஒன்றாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆங்கிலப் பெயர்கள், கோப்பில்லாத தரவுத்தளம், கேட்காமலே வருகிற வரம்பு. நம்மைக் கடித்தது எல்லாம் அந்த ‘மற்றவை’தான். அவர் அதுவரை எக்ஸாம்பிளில் படித்தது காட்ட வந்த விஷயத்தை மட்டும்.

ஆகவே படிக்கும் முறையை மாற்றினோம். மூன்றே எக்ஸாம்பிள்கள்: அட்ரஸ் புக், தரவுத்தள அட்டவணையைத் திருத்துகிற கேஷ்டு டேபிள், தராசு போன்ற கருவிகளை இணைக்கிற சீரியல் போர்ட்டுக்கான டெர்மினல். ஒவ்வொன்றையும் முதலில் அப்படியே ஓட்டுவது, பிறகு கடை நோட்டின் ஒரு பக்கத்தை அதில் ஏற்றப் பார்ப்பது, எங்கே முறிகிறது என்று எழுதுவது. ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டார். இடது பக்கம் இது காட்ட வந்தது, வலது பக்கம் இது கண்டுகொள்ளாமல் விட்டது. வலது பத்திதான் எப்போதும் நீளமாக வந்தது. கடைசியாக எக்ஸாம்பிளை மூடிவிட்டு, அதைப் பார்க்காமல், அந்த ஒரு விஷயத்தை மட்டும் செய்கிற சின்ன நிரலைப் புதிதாக எழுதுவது. இதற்கு நேரம் பிடித்தது, அவருக்குச் சலிப்பும் வந்தது. “ஓடுறதைத் திரும்ப எழுதி என்ன அண்ணா கிடைக்கப்போகுது?” என்று ஒருமுறை கேட்டார், நியாயமான கேள்விதான். மேப்-டு-சோர்ஸ் இல்லாமல் எழுதி, தேடி, தப்பான ஆளை அழித்துப் பார்த்த அன்றைக்கு அந்தக் கேள்வி நின்றுபோனது. தரவு வைத்திருக்கும் மாடல் ஒன்று, அதைக் காட்டும் பார்வை வேறு, நடுவில் பிராக்ஸி என்று ஒரு வடிகட்டி, இந்த மூன்றும் தனித்தனி ஆட்கள் என்பது அன்றுதான் பிடிபட்டது என்று அவரே சொன்னார். விளையின் பெயரிலும் தேட வேண்டும் என்று வந்தபோது, வடிகட்டும் பத்தியின் எண்ணை மைனஸ் 1 என்று கொடுத்தால் எல்லாப் பத்திகளிலும் தேடும் என்பதை ஆவணத்தில் அவராகவே கண்டுபிடித்தார்.

கேஷ்டு டேபிளை நாங்கள் பார்த்தது க்யூடியின் சி++ பக்கத்தில். பைத்தான் மட்டும் தெரிந்தவர்கள் இதற்கு மலைக்க வேண்டாம். வகுப்பின் பெயரும் செயல்களின் பெயரும் இரண்டிலும் ஒன்றேதான், அம்புக்குறியைப் புள்ளியாகப் படித்தால் பாதி புரிந்துவிடும். அதில் இரண்டு விஷயம் கிடைத்தது. தரவுத்தள அட்டவணை மாடலுக்கு நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஆன்-ரோ-சேஞ்ச் முறையில் இருக்கும், அதாவது ஒரு வரிசையில் செய்த திருத்தம் நாம் வேறு வரிசைக்கு நகரும்போதுதான் தரவுத்தளத்தில் ஏறும். கடை மூடும் அவசரத்தில் கடைசி வரிசையைத் திருத்திவிட்டு ஜன்னலை மூடினால் அந்தத் திருத்தம் போய்விடலாம். இந்த எக்ஸாம்பிள் அதை விட்டுவிட்டு, ‘சமர்ப்பி’ அழுத்தும்வரை எதையும் எழுதாத முறையை எடுக்கிறது. இரண்டாவது, சமர்ப்பிக்கும்போது டிரான்ஸாக்‌ஷன் திறந்து, எல்லாம் ஏறினால் உறுதி செய்கிறது, இல்லாவிட்டால் பழையபடி திருப்பிவிடுகிறது. கொள்முதல் ஒரு அட்டவணை, முன்பணக் கழிவு இன்னொரு அட்டவணை, நடுவில் கரண்டு போனால் ஒன்று மட்டும் ஏறிவிடக் கூடாது. கடைக்கு இதைவிட முக்கியமான ஐந்து வரி அந்த நிரலில் கிடையாது.

எடையையும் பணத்தையும் பின்ன எண்ணாக வைக்கக் கூடாது என்றும் முடிவெடுத்தோம். பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பார்த்தால் 0.30000000000000004 வரும், மாதக் கணக்கில் இதைத் துரத்திக்கொண்டிருக்க முடியாது. உள்ளே கிராமும் பைசாவும் முழு எண்ணாக, திரையில் மட்டும் கிலோவும் ரூபாயும்.

தராசு

கையால் தட்டுவதை நிறுத்தி, தராசிலிருந்து நேராக எடையை வாங்க வேண்டும் என்பது 11.40-க்குப் பிறகு தானாகவே முடிவாகிவிட்டது. அவருடைய முதல் முயற்சி, ‘எடை எடு’ பொத்தானை அழுத்தினால் தராசிலிருந்து ஒரு வரி வரும்வரை சுற்றிக்கொண்டே காத்திருப்பது. காத்திருக்கிற நேரத்தில் ஜன்னலை வரைவதற்கோ மவுஸைக் கவனிப்பதற்கோ ஆளில்லை, விண்டோஸ் ‘பதிலளிக்கவில்லை’ என்று சொல்லிவிடும். டெர்மினல் எக்ஸாம்பிள் காத்திருப்பதே இல்லை. தரவு வந்ததும் ரெடி-ரீட் என்ற சிக்னல் வரும், அப்போது படித்தால் போதும்.

இங்கேயும் வலது பத்தி வேலை செய்தது. டெர்மினல் வருகிற எழுத்துகளை அப்படியே திரையில் கொட்டுகிறது, ஆகவே அவை எத்தனை துண்டாக வந்தாலும் அதற்குக் கவலையில்லை. நமக்கு எண்ணாக வேண்டும். 45.250 என்பது முதலில் ‘45.2’ என்றும் பிறகு ‘50’ என்றும் வரலாம், சிக்னல் இரண்டு முறை அடிக்கும். அவர் இதைக் கடைக்குப் போகுமுன்பே நோட்டில் எழுதியிருந்தார்: ‘ஒரு வரி முழுசா வந்துச்சான்னு இது பாக்கல’. முழு வரி சேர்ந்துவிட்டதா என்று கேன்-ரீட்-லைன் வைத்துக் கேட்டுவிட்டுப் படிக்கும்படி எழுதினார். எண் பெட்டி தப்பு கடையில் விவசாயி சொல்லித் தெரிந்தது, இந்தத் தப்பு கடைக்குப் போகவே இல்லை. முறை மாறியது பலித்தது என்று எனக்குப் பட்ட இடம் இது.

விளைவு

நிரல் மறுபடி கடைக்குப் போனபோது இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியிருந்தது. நோட்டும் நிரலும் சேர்ந்தே ஓட வேண்டும், மாதம் முழுக்க இரண்டும் பைசா சுத்தமாக ஒத்துப்போனால் மட்டும் நோட்டை விடலாம் என்று கடைக்காரர் சொன்னார். முதல் மாதம் ஒத்துப்போகவில்லை, ஈரக் கழிவை எடையில் கழிப்பதா தொகையில் கழிப்பதா என்பதில் கடைப் பையனும் நிரலும் வேறு வேறாகச் செய்திருந்தார்கள். அது நிரலின் பிழை இல்லை, கடையிலேயே அதற்கு ஒரு முறை இல்லாமல் இருந்தது. அதன்பிறகு ஒத்துப்போனது.

தமிழில் ரசீது அச்சடிப்பதில் சின்ன இடைஞ்சல். சிறிய வெப்ப அச்சுப்பொறிக்கு எழுத்துகளை நேராக அனுப்பினால் அதற்குள் தமிழ் கிடையாது, கேள்விக்குறிதான் வரும். க்யூடி திரையில் தமிழைச் சரியாக வரைவதால், ரசீதை அதே முறையில் படமாக வரைந்து விண்டோஸ் டிரைவர் வழியாக அனுப்பினார், வேலை முடிந்தது.

தரம் பிரிப்பது இன்னும் கடைக்காரர் கண்ணில்தான், நிரலில் அதற்கு ஒரு தேர்வுப் பெட்டி மட்டும். அவருக்கு அது போதும். அக்கா மகளுக்கு இந்த நிரலையும் அந்த இரண்டு பத்தி நோட்டையும் காட்டி திருவனந்தபுரத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நேர்காணலில் நிரலைவிட நோட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

கடை நோட்டின் ஒரு பழைய பக்கம் முதல் நாளே மேசையில் இருக்க வேண்டும். ஒரே பெயரில் மூன்று பேர், அந்த வருஷத்தின் மிகப் பெரிய எடை, தமிழில் முழுப் பெயர், அடித்துத் திருத்திய ஒரு வரி, இவ்வளவும் அதில் இருந்தால் மேலே சொன்ன நான்கில் மூன்று மடிக்கணினியிலேயே தெரிந்திருக்கும். மெமரி விஷயத்துக்கு அதுவும் போதாது, நிரலை மூடித் திறந்து பார்ப்பதைத் தனியாகச் செய்ய வேண்டும்.

எண் பெட்டி எங்கே வைத்தாலும் கீழ் வரம்பு, மேல் வரம்பு, எத்தனை தசம இடம் என்ற மூன்றையும் கையால் எழுத வேண்டும், இயல்பாக வருவதே நமக்குப் பொருந்தினாலும் எழுத வேண்டும். பார்க்கிறவருக்கு இது யோசித்து வைத்தது என்று தெரியும்.

கடைக் கணினியில் பைத்தான் கிடையாது என்பதும் கடைசியில்தான் நினைவுக்கு வந்தது. பைஇன்ஸ்டாலர் வைத்து ஒரே தொகுப்பாக்கினோம். முதல் சின்ன நிரலையே அப்படிக் கட்டி அங்கே ஓட்டிப் பார்த்திருந்தால் கடைசி நேர ஓட்டம் இல்லாமல் போயிருக்கும்.

ரப்பர் பால் கணக்கை நிரலில் சேர்க்கவில்லை. ஷீட்டுக்கு எடை போட்டதும் தொகை தெரியும். பாலுக்கு அப்படியில்லை, அதில் உலர் ரப்பர் பெரும்பாலும் முப்பது முதல் நாற்பது சதவீதம் வரை மாறும், மாதிரி எடுத்து உலர்த்திப் பார்த்த பிறகுதான் எவ்வளவு என்று தெரியும். ஒரு கொள்முதல் அதுவரை பாதியில் நிற்க வேண்டும், நாங்கள் எழுதியதோ எல்லாம் ஏறினால் ஏறட்டும், இல்லாவிட்டால் எதுவும் வேண்டாம் என்ற கணக்கு. இதற்கு அட்டவணைகளையே வேறு மாதிரி பிரிக்க வேண்டும். அதுவரை பால் கணக்கு நீள நோட்டில்தான்.